நிருபமாவும் நானும் ஒரு எக்செல் ஷீட்டும்

ரெண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம். பெண்ணை டென்னிஸ் கிளாஸிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். வழக்கமாக காரை விட்டு இறங்கமாட்டேன், ஏசியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு கோச் கார் வரைக்கும் வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஐந்து நிமிஷம் பேசணும்" என்றார். பேங்க்காரனிடம் யாராவது ஐந்து நிமிஷம் பேசணும் என்றால் அது லோன் சம்பந்தமாகத்தான் இருக்கும். இதுவும் ஒரு விதத்தில் அப்படித்தான்.

விஷயம் இதுதான். என் பெண்ணுக்கு 13 வயது. கை நன்றாக வருகிறது, கால் வேகமாக இருக்கிறது, தோற்றால் அழாமல் கோபப்படுகிறாள் (இது நல்ல குணமாம்). வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதாது. ஸ்கூலை விட்டுவிட்டு ஆன்லைன் படிப்புக்கு மாற்றினால் தினம் ஐந்து மணி நேரம் பயிற்சி கொடுக்கலாம். இரண்டு வருஷத்தில் ஐ.டி.எஃப். ஜூனியர் போட்டிகளுக்கு அனுப்பலாம். "இது ஒரு முதலீடு, யோசித்துச் சொல்லுங்கள்" என்று முடித்தார்.

வீடு வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. பெண் பின் சீட்டில் தூங்குவது போல நடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி அவள் படுத்த பிறகு தங்கமணி கேட்டாள், "ஏங்க, நீங்க என்ன நினைக்கிறீங்க?" நான் லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் போட ஆரம்பித்தேன். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் ஆணி பிடுங்குகிறவன் வேறு என்ன செய்வான் :-)

அந்த ஷீட்டுக்குப் போகும் முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ். கோலார் தங்கவயல். பேரைக் கேட்டதும் இங்கே ஆபீஸில் "ஓ, சாம்பியன்ஸ் ஊரா?" என்பார்கள். கார்ன்வால் பக்கத்திலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் பாஷையில் சாம்பியன் என்றால் ஒரு வட்டாரத்திலேயே பிரதானமான தாதுப் படிவம், அவ்வளவுதான். விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் விளையாட்டு இருந்தது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனிக்காரர்கள் வந்ததிலிருந்து வெள்ளைக்காரன் எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போகிற சாமான்கள் எல்லாம் வந்து இறங்கின. பங்களா, சர்ச், கிளப், டென்னிஸ் கோர்ட். வெள்ளைக்காரர்கள் போன பிறகு அந்த நாற்காலிகளில் நம் ஆபீசர்கள் உட்கார்ந்தார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹாக்கியும் ஃபுட்பாலும். டென்னிஸ் அந்தப் பக்கத்து விளையாட்டு.

எங்கள் லைனில் ஒருத்தர் டென்னிஸ் கோர்ட்டில் மார்க்கர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணி தெளிப்பது, ரோலர் இழுப்பது, சுண்ணாம்பில் கோடு போடுவது, நெட் கட்டுவது எல்லாம் மார்க்கர் வேலை. ஆபீசருக்கு ஜோடி கிடைக்காத நாளில் எதிரே நின்று பந்து அடித்துக் கொடுப்பதும் அவர்தான். நன்றாகவும் ஆடணும், ஆபீசர் மனசு நோகாத அளவுக்குத் தோற்கவும் தெரியணும். மாமா இரண்டிலும் கெட்டிக்காரர். நாங்கள் நாலைந்து பையன்கள் சாயங்காலத்தில் பந்து பொறுக்கப் போவோம். எட்டணா கிடைக்கும். மயிர் உதிர்ந்த பந்துகள் எங்களுக்கு வரும். லைனில் நாங்கள் ஆடிய கிரிக்கெட் முழுக்க அந்தப் பந்துகளில்தான்.

மாமாவுக்கு ஒரு பெண். எங்களைவிட மூன்று நாலு வயசு மூத்தவர், அதனால் அக்கா. இடது கைக்காரர். ஸ்டோர் ரூம் சுவரில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருப்பார். யாரோ தூக்கிப் போட்ட மர ராக்கெட், நாலு இடத்தில் நரம்பு அறுந்து முடிச்சுப் போட்டது. லீவுக்கு வரும் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளோடு ஆட மாமா உடம்பு சரியில்லாத நாட்களில் அக்கா போவார். காலேஜ் படிக்கும் பையன்கள் திணறிப்போவார்கள். வருஷாந்திரப் போட்டியில் மெம்பர்களின் குடும்பத்துப் பெண்கள் மட்டும்தான் ஆடலாம். அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார், எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார், ஸ்கோர் போர்டு மாற்றினார். அதைப் பற்றி அன்றைக்கு எங்கள் யாருக்கும் கோபம் வந்ததாக ஞாபகமில்லை. எனக்கும் வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

அக்காவுக்கு 19 வயதில் கல்யாணம். சுரங்கம் 2001-ல் மூடிய பிறகு, ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு கார்மென்ட் வேலைக்குப் போனார்.

இப்போது 1998 ஜனவரிக்கு வருகிறேன். நான் காலேஜ் படித்துக்கொண்டிருந்த காலம். டீக்கடையில் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. ஆஸ்திரேலியன் ஓப்பனில் இந்தியாவின் நிருபமா வைத்தியநாதன் முதல் சுற்றில் ஜெயித்தார். தோற்றவர் இத்தாலியின் குளோரியா பிசிகினி. ஓப்பன் காலம் என்று சொல்கிற 1968-க்குப் பிந்திய டென்னிஸில், கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். (அதற்கு முன்னால் என்று பார்த்தால் 1934-லேயே விம்பிள்டனில் லீலா ராவ் ஒரு சுற்று ஜெயித்திருக்கிறார். நடுவில் 64 வருஷம்.)

பேரைப் பார்த்ததும் டீக்கடையில் முதலில் எழுந்த கேள்வி "நம்மாளா?" என்பதுதான். நம்மாள்தான். 1976-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா கே.எஸ். வைத்தியநாதன் ரஞ்சி ஆடிய கிரிக்கெட்காரர், அவர்தான் ஐந்து வயதில் ராக்கெட்டைக் கையில் கொடுத்தார். 14 வயதில் தேசிய சாம்பியன். எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. நான் அன்றைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் அரியரை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர் மெல்போர்னில் இருந்தார்.

இன்னொரு சங்கதி. அதே 1998 ஆஸ்திரேலியன் ஓப்பன்தான் செரீனா வில்லியம்ஸ் ஆடிய முதல் கிராண்ட்ஸ்லாம். ஒரே டிராவில் இரண்டு பேரும் இருந்தார்கள், இரண்டு பேரும் முதல் சுற்றில் ஜெயித்தார்கள். ஒருவர் பிறகு 23 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் எடுத்தார். இன்னொருவர் ஒற்றையரில் எட்டிய உச்சமான ரேங்க் 134.

134. இந்த நம்பரைத்தான் பல பேர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்வார்கள். "ஆடினாங்க, ஆனா பெருசா ஒண்ணும் வரல." போன மாசம் கூட ஒரு பிறந்தநாள் விருந்தில், சானியா மிர்ஸாவுக்கு முன்னால் இந்தியாவில் பெண்கள் டென்னிஸே கிடையாது என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். நான் நிருபமா பேரைச் சொன்னேன். "யார் அது?" என்றார். சொன்னவர் கோயம்புத்தூர்க்காரர்!

எனக்கு ஒரு கணக்கு. உலகத்தில் இருக்கும் அத்தனை பேங்க் ஆபீசர்களையும் வரிசையாக நிறுத்தினால் நான் எத்தனையாவது ஆளாக இருப்பேன்? என் ப்ராஞ்சிலேயே மூன்றாவது ஆள் என்று வைத்துக்கொள்வோம், அதுவும் ஆடிட் நல்லபடியாகப் போன வருஷத்தில். உலகத்தில் 134-வது ஆளாக இருப்பவரைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற தைரியம் நமக்கு எங்கிருந்து வந்தது? சிட்டை விட்டு எழுந்திருக்காமல் டிவி பார்க்கிற தைரியம்தான்.

அதுவும் அவர் எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஆடினார் என்று பார்க்க வேண்டும். அவருக்கு முன்னால் போய்விட்டு வந்து "இந்த ஊரில் இந்தப் போட்டி ஆடு, அந்த ஊரில் அந்த விடுதியில் தங்கு" என்று சொல்ல ஒரு இந்தியப் பெண் இல்லை. அதே 1998-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸில் மனிஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர். பிறகு கல்யாணம், கலிபோர்னியா, குழந்தை. நம்மைப் போலவே ஒரு புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், முப்பது வயதைத் தாண்டி, அம்மாவான பிறகு, நிருபமா சஞ்சீவ் என்ற பேரில் திரும்பி வந்து 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்திய அணியில் ஆடினார். 'தி மூன்பாலர்' என்று தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். மூன்பால் என்றால் வானத்தைப் பார்த்துத் தூக்கி அடிக்கும் பந்து. எதிராளிக்கு எரிச்சலைக் கிளப்பும், நமக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கும். தன்னைத்தானே அப்படிக் கூப்பிட்டுக்கொள்ள ஒரு நகைச்சுவை உணர்வு வேண்டும்.

சரி, எக்செல் ஷீட்.

முதல் வரிசை செலவு. உலக டென்னிஸ் சம்மேளனமான ஐ.டி.எஃப். 2013-ம் வருஷக் கணக்குகளை வைத்து ஒரு ஆய்வு செய்தது. ஒரு தொழில்முறை வீராங்கனைக்கு விமானம், தங்கல், சாப்பாடு, ராக்கெட் நரம்பு மாற்றுவது, துணி துவைப்பது என்று வருஷத்துக்குச் சராசரியாக 40,180 டாலர் ஆகிறது. கோச் சம்பளம் இதில் சேர்த்தி இல்லை! எங்கள் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் திர்ஹாம். அதுவும் 2013 விலைவாசி. ஆண்களுக்கு இது 38,800 டாலர். பெண்களுக்குக் கொஞ்சம் கூட.

இரண்டாவது வரிசை வரவு. ஆரம்பத்தில் ஆடக்கூடிய சின்னப் போட்டிகளுக்கு டபிள்யூ15 என்று பேர். மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒரு வாரம் முழுக்க ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையை எடுத்தால் சுமார் 2,350 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 150 டாலர் வாக்கில். அதிலும் அந்தந்த நாட்டு வரி பிடித்துக்கொள்வார்கள். மேலே சொன்ன செலவை இந்தப் போட்டிகளை வைத்து ஈடுகட்ட வேண்டுமானால் வருஷத்தில் 17 கோப்பைக்கு மேல் ஜெயிக்க வேண்டும். யாராலும் முடியாது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம், பெண்களில் வரவும் செலவும் சமமாகும் இடம் ரேங்க் 253. அந்த வருஷம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய ஆண் பெண் இருபாலரும் சேர்த்து சுமார் 14,000 பேர். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை.

இந்த இடத்தில் ஷீட்டை சேவ் செய்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

ஆண்கள் நிலைமை மட்டும் வாழ்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவின் நம்பர் 1 ஆட்டக்காரர் சுமித் நாகல், தன் பேங்க் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். வருஷத்துக்கு 80 லட்சத்திலிருந்து 1 கோடி வரை செலவு, சம்பாதிப்பதெல்லாம் அதிலேயே போகிறது என்றார். பேங்க்காரனாக அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலு மாதம் கழித்து 2024 ஆஸ்திரேலியன் ஓப்பனில் முதல் சுற்று ஜெயித்து மீண்டார் என்பது வேறு கதை.

மேலே போனால் பணம் கொட்டுகிறதுதான். 2025 ஆஸ்திரேலியன் ஓப்பன் மெயின் டிராவில் முதல் சுற்றில் தோற்றாலே 1,32,000 ஆஸ்திரேலிய டாலர். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால் 35,000. ஆனால் மெயின் டிராவில் 128 இடம், அதில் ரேங்க்கை வைத்து நேரடியாக நுழைகிறவர்கள் 104 பேர். ரேங்க் 100 என்பவருக்கும் 134 என்பவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எந்த பேங்கும் இப்படி ஒரு தொழிலுக்கு லோன் கொடுக்காது, நானே ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சானியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. 2005 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. பட்டம் ஜெயித்தபோது அவருக்கு 18 வயது. 2007-ல் ஒற்றையரில் ரேங்க் 27. மணிக்கட்டுக் காயத்துக்குப் பிறகு ஒற்றையரை விட்டார். 2015-ல் இரட்டையரில் உலக நம்பர் 1. மொத்தம் ஆறு கிராண்ட்ஸ்லாம், இரட்டையரில் மூன்று, கலப்பு இரட்டையரில் மூன்று. நடுவில் அவர் போட்ட பாவாடையின் நீளத்தைப் பற்றி நாட்டில் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அவருடைய ஃபோர்ஹேண்ட் பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு பேருக்குக்கூடத் தெரியாது.

2023 பிப்ரவரி 21, துபாயில் அவருடைய கடைசிப் போட்டி. ஆபீஸில் பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு (மேனேஜர் இதைப் படிக்கமாட்டார், தமிழ் தெரியாது) பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிசன் கீஸோடு ஜோடி. குடெர்மெதோவா, சாம்சோனோவா ஜோடியிடம் முதல் சுற்றிலேயே 4-6, 0-6. இரண்டாவது செட் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பெண்ணுக்கு ஏமாற்றம். "அப்பா, கடைசி மேட்ச்ல ஜீரோவா?" என்றாள். நான் சொன்னேன், "கண்ணு, இவங்க நாலு வயசுக் குழந்தைக்கு அம்மா. 36 வயசு. முழங்கால், முழங்கை எல்லாம் போன உடம்பு." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்புறம் ஏன் ஆடினாங்க?" என்றாள். பதில் தெரியவில்லை. ஆடப் பிடித்திருந்தது, அதனால் ஆடினார் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

2018-ல் பிள்ளை பெற்று, 2020 ஜனவரியில் திரும்பி வந்த முதல் போட்டியிலேயே ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டம் எடுத்தவர் அவர். அந்தக் காலத்தில் பிரசவம் என்றால் வீராங்கனைக்கு வருமானமில்லாத காலம்தான். 2025 மார்ச்சில்தான் டபிள்யூ.டி.ஏ. 12 மாதம் வரை சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கொடுக்கும் நிதியைத் தொடங்கியது. டபிள்யூ.டி.ஏ. ஆரம்பித்தது 1973-ல். பில்லி ஜீன் கிங் சமமான பரிசுப் பணம் கேட்டுப் போராடி அமெரிக்க ஓப்பன் அந்த வருஷமே கொடுத்தது, விம்பிள்டன் 2007 வரை இழுத்தடித்தது. என் பேங்கில் பிரசவ லீவு இல்லையென்றால் பாதி கவுன்டர் காலியாகிவிடும். டென்னிஸில் அதற்கு 52 வருஷம்.

இப்போது என் அபிப்பிராயம். அந்த கோச் சொன்ன ஒரு வார்த்தையில்தான் எனக்குச் சண்டை. 'முதலீடு'.

நம் ஆட்களிடம் இந்த வார்த்தை சுலபமாக விலைபோகும். நாம் எல்லோருமே யாரோ ஒருத்தரின் முதலீடாகத்தான் இங்கே வந்திருக்கிறோம். என் அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். சாம்பியன் ரீப் ஷாஃப்ட் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம். உலகத்துக்குத் தங்கம் தோண்டிக் கொடுத்த ஆளின் வீட்டில், என் காலேஜ் ஃபீஸுக்கு அம்மாவின் கம்மல் ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடையில் இருந்தது. அதை மீட்டுக் கொடுத்த நாள் வரை அம்மாவின் காதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வட்டிக் கணக்கு ஓடும். நல்ல பிள்ளையாகப் படித்தேன், வேலைக்குப் போனேன், எல்லாம் சரி. ஆனால் அந்த எட்டு வருஷம் நான் எதையும் சந்தோஷமாகச் செய்ததாக ஞாபகமில்லை. தேர்வு எழுதும்போது கூட கம்மல்தான் கண்ணில் தெரியும்.

13 வயதுப் பெண் சர்வீஸ் போடும்போது அவள் கண்ணில் கம்மல் தெரியக் கூடாது. முதலீடு என்று நாம் ஒரு தடவை வீட்டில் உச்சரித்துவிட்டால் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குக் காது கூர்மை. டபுள் ஃபால்ட் போட்டால் எத்தனை திர்ஹாம் போச்சு என்று அவள் மனசில் ஓடும். கோர்ட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் நெற்றியில் அடித்துக்கொள்கிற அப்பாக்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். தமிழ் அப்பாக்களும் அதில் உண்டு. பணம் போட்டவர்கள் முகம் அது, பேங்கில் எனக்கு நல்ல பழக்கம்.

அதற்காக, "டென்னிஸாவது ஒண்ணாவது, நீட்டுக்குப் படிக்கச் சொல்லுங்க" என்கிற கோஷ்டியிலும் நான் சேரமாட்டேன். விருந்துகளில் இவர்கள்தான் மெஜாரிட்டி. டாக்டர் படிப்புக்கு 70 லட்சம் கட்டத் தயங்காதவர்கள், ராக்கெட்டுக்கு நரம்பு மாற்ற 80 திர்ஹாம் கேட்டால் "இதெல்லாம் எதுக்கு" என்பார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் கூடவே "வெயில்ல கறுத்துப் போயிடுவா" என்று ஒரு போனஸ் கவலை. இந்த ஒரு வாக்கியத்தால் வீட்டுக்குள் போன ராக்கெட்டுகள் எத்தனையோ.

நான் ஷீட்டில் 'முதலீடு' என்ற தலைப்பை அழித்துவிட்டு 'செலவு' என்று போட்டேன். ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பது செலவு. பொங்கலுக்குத் துணி எடுப்பது செலவு. யாரும் அதற்கு ரிட்டர்ன் கேட்பதில்லை, ஆனால் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் செய்கிறோம். அப்படிப் பார்த்தால் என்னால் எவ்வளவு முடியும்? என் விசா வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை போனால் வீடு, ஸ்கூல், டென்னிஸ் எல்லாம் ஒரே மாதத்தில் காலி. இந்த நிலையில் ஸ்கூலை நிறுத்துவது என்பது அவளுடைய சொத்தை அடமானம் வைத்து நான் சூதாடுவது. ஸ்கூலை நிறுத்தப்போவதில்லை. வாரம் மூன்று நாளை ஐந்து நாளாக்கலாம், வருஷத்தில் நாலைந்து வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பலாம். பதிலுக்கு நான் காரை மாற்றுவதை மூன்று வருஷம் தள்ளிப்போடலாம். (தங்கமணி இந்த வரியைப் படித்ததும் சிரித்தாள். கார் மாற்றுவேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

படிப்பா டென்னிஸா என்ற கேள்வியே பாதி பொய் என்பதும் இந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். 2025 சென்னை ஓப்பனை ஜெயித்த இந்தோனேசியப் பெண் ஜானிஸ் ட்ஜென், அமெரிக்காவில் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டே ஆடியவர். 2022 ஆஸ்திரேலியன் ஓப்பன் இறுதிப் போட்டிவரை வந்த டேனியல் காலின்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பட்டதாரி. கல்லூரி அணியில் ஆடினால் ஃபீஸும் மிச்சம், 22 வயதில் கையில் பட்டமும் இருக்கும், அதற்கு மேல் முட்டி தாங்குமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். கோச் இதை எனக்குச் சொல்லவில்லை. அவருக்கு ஐந்து மணி நேரம் ஓட வேண்டும், அது அவர் பிழைப்பு, குற்றம் சொல்லமாட்டேன்.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மும்பை டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் 15 வயது மாயா ராஜேஸ்வரன் ரேவதி அரையிறுதிவரை போனார். அவரும் கோயம்புத்தூர்தான்! இப்போது ஸ்பெயினில் நடால் அகாடமியில் பயிற்சி. என்னைப் போல கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வயதில் அந்த இடத்துக்கு யாரும் போக முடியாது. உண்மை. அந்தக் குடும்பங்களின் துணிச்சலைப் பார்த்து எனக்குப் பொறாமை கூட உண்டு. ஆனால் மாயாவுக்கு "கோயம்புத்தூரிலிருந்து கிராண்ட்ஸ்லாம்வரை போகலாமா?" என்ற கேள்வி இல்லை. 1998-லேயே ஒருத்தர் போய்விட்டு வந்துவிட்டார். ரேங்க் 134-க்கு அது ஒரு வேலை. ஐ.டி.எஃப். ஆய்வில் அதற்குக் கட்டம் கிடையாது.

போன வாரம் அப்பாவிடம் போனில் பேசினேன். சாம்பியன் ரீப்ஸில் அதே வீடு, எத்தனை கூப்பிட்டாலும் இங்கே வரமாட்டார். விஷயத்தைச் சொன்னேன். இருமிவிட்டு, "மார்க்கர் பொண்ணு ஞாபகம் இருக்குதாடா?" என்றார். இருக்கு என்றேன். அக்காவுக்கு இப்போது பேத்தி பிறந்திருக்கிறதாம். கார்மென்ட் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். "அந்தப் பழைய பேட்டு இன்னும் வெச்சிருக்குது. சுவத்துல மாட்டி வெச்சிருக்குது" என்றார். பிறகு மழை பற்றியும், சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் புழுதி பற்றியும், ரேஷன் பற்றியும் பேசினோம்.

நேற்று பெண்ணுக்கு ஒரு போட்டி. முதல் சுற்றில் 6-2, 6-3 என்று தோற்றாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்து கதவைப் படாரென்று சாத்தினாள், பத்து நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அப்பா, பேக்ஹேண்ட் பக்கமே அடிச்சிட்டே இருந்தா. அடுத்த தடவை நான் அதைத் தூக்கி அடிக்கப் போறேன், மேலே, ரொம்ப மேலே" என்றாள். மூன்பாலா என்று கேட்டேன். அப்படின்னா என்ன என்றாள். கராமாவில் பரோட்டா சாப்பிட நிறுத்தினபோது நிருபமாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் இரண்டாவது பரோட்டா வந்துவிட்டது, மீதியை அடுத்த சனிக்கிழமை சொல்லணும்.